முதல் துண்டுக்குக் காசு கிடையாது

என் மகளுக்கு நான் ஒரு கல்யாணத்தை இட்டுக்கட்டினேன். அதுவும் ரவிக்கைத் துணி விற்கும் கடை ஒன்று வைப்பதற்காக. எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கப்போகிறது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடையாறில் ஒரு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஒருநாள் அலுவலகத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். என் கையில் ஒரு தொகையையும் தோளில் ஒரு சால்வையையும் போட்டு அனுப்பிவைத்தார்கள். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் சுபாவம் எனக்குக் கிடையாது. சும்மா இருந்தால் வீட்டில் இருப்பவர்களோடு சண்டை பிடிப்பேன். குக்கர் விசில் எண்ணுவதில்கூட என் கணவரிடம் தப்புக் கண்டுபிடித்தேன். இரண்டே மாதத்தில் அவர், "நீ ஏதாவது செய்யேன், எங்களை விட்டுடேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மந்தைவெளியில் எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன ஷட்டர் காலியாக இருந்தது. முன்பு ஜெராக்ஸ் கடை. அங்கே மேட்சிங் சென்டர் வைக்கலாம் என்று தோன்றியது. புடவையைக் கொண்டுவந்தால் அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி, ரவிக்கைக்கு உள்ளே கொடுக்கும் லைனிங், புடவைக் கரையில் வைத்துத் தைக்கும் ஃபால்ஸ், இவ்வளவுதான் கடை. எங்கள் பக்கம் தையல்காரர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். ஒரு மீட்டர் துணிக்காகப் பெண்கள் டி. நகர் வரை போய் வந்துகொண்டிருந்தார்கள். ஆகவே கடை ஓடும் என்று கணக்குப் போட்டேன்.

ஆனால் அலுவலகப் புத்தி போகுமா? எதைச் செய்வதற்கு முன்னாலும் ஃபைல் போடவேண்டும். நீள நோட்டு ஒன்று வாங்கி, அட்டையில் ‘கடை விவரம்’ என்று எழுதினேன். என்ன சரக்கு, எங்கே வாங்குவது, என்ன விலை, எது விற்கும், எது தேங்கும் என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன. எனக்குத் துணி கட்டத்தான் தெரியும், விற்கத் தெரியாது.

நேர்மையாகத்தான் ஆரம்பித்தேன், அதையும் சொல்லிவிடவேண்டும். மயிலாப்பூரில் ஒரு மேட்சிங் கடைக்குப் போய், இப்படி இப்படிக் கடை வைக்கப்போகிறேன், நீங்கள் எங்கே சரக்கு எடுக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். கடைக்காரர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா, எங்கடைக்கு ஆப்பு வைக்கிறதுக்கு என்கிட்டயே ரூட்டு கேக்குறியா? சோக்கா கீதே!" என்றார். கடையில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கிளிப்பச்சைப் புடவையைக் கையில் வைத்திருந்த ஒருத்தி சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தாள். இருபத்திரண்டு வருடம் ‘மேடம்’ என்று கூப்பிடப்பட்டவள் நான். முகம் எரிய, வெயிலில் வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். இனிமேல் உண்மையைச் சொல்லிக்கொண்டு எந்தக் கடைப் படியும் ஏறுவதில்லை என்று வழியிலேயே முடிவு செய்தேன். வாடிக்கையாளராகப் போகவேண்டும், பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறந்துவிடவேண்டும்.

வாடிக்கையாளர் என்றால் கையில் புடவை வேண்டும். ஒரு புடவையோடு போனால் ஐந்து நிமிடத்தில் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நிறையப் புடவை வேண்டும், எல்லாம் ரவிக்கை தைக்காததாக இருக்கவேண்டும். அப்படிப்பட்ட புடவைகள் எங்கள் வீட்டு பீரோவில் ஏழு இருந்தன. என் மகளின் கல்யாணத்துக்கு எடுத்தவை. தை மாதம் நிச்சயம் நடந்தது. பங்குனியில் மாப்பிள்ளை வீட்டார் போன் செய்து, சரிப்பட்டு வராது என்று சொல்லிவிட்டார்கள். காரணம்கூடச் சொல்லவில்லை. மகள் அன்று லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்த் தலைக்குக் குளித்தாள். வந்து சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, எடுக்க எங்களையும் விடவில்லை. அந்தப் புடவைகள் பீரோவின் கீழ்த்தட்டில் நாப்தலீன் உருண்டைகளோடு கிடந்தன. ஆவணி மாதத்தில் ஒருநாள், அவள் வேலைக்குப் போன பிறகு, ஏழையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு டி. நகருக்குப் பஸ் ஏறினேன்.

பெரிய துணிக்கடைகள் இருக்கும் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், செருப்புக் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே அந்தக் கடை இருந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்கவேண்டும். தரையிலிருந்து கூரை வரை துணித் தான்கள், சுருள் சுருளாக. உள்ளே ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும், இரண்டு பக்கமும் மூக்குத்தி, கழுத்தில் அளவு டேப். திருநெல்வேலிப் பக்கம் என்று வாயைத் திறந்ததுமே தெரிந்தது.

"வாங்கக்கா. ஏயப்பா, ஏழு சேலையா? கல்யாண வீடா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். "பொண்ணுக்கு" என்றேன். அவ்வளவுதான். நானாகத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை, அவர் கேட்டார், நான் தலையாட்டினேன் என்று வெகுநாள் வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு புடவையை எடுத்துப் போனவளுக்கு இந்தக் கேள்வி வரும் என்று தெரியாதா என்ன?

"எப்பக்கா முகூர்த்தம்?"

"தையில."

"நல்ல மாசம்லா. உக்காருங்க. ஒண்ணு ஒண்ணாப் பாப்போம்."

அந்த அக்கா வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். (நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். யார் மூத்தவர் என்று கடைசி வரை தெரியாது.) புடவையை ஒரு தடவை பார்ப்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டித் தானை உருவுவார். வெங்காயச் சருகு, ராமர் பச்சை, மயில் கழுத்து, காப்பிப்பொடி என்று பெயர் சொல்லிக்கொண்டே உருவுவார். உருவியதை அங்கேயே ஒட்டிப் பார்க்கமாட்டார். புடவையையும் தானையும் தூக்கிக்கொண்டு வாசல் படிக்குப் போவார். "ட்யூப்லைட்ட நம்பாதீங்கக்கா. வெளிச்சத்துல பாத்தாத்தான் நெறம். இல்லேன்னா வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு என்னய ஏசுவிய" என்பார்.

நான் சாதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டேன். இத்தனை கலர் எதற்கு? "நூறு கலர் அடுக்குனாத்தான் முப்பது கலர் விக்கும்கா. மத்த எழுபதும் சும்மா நிக்கும். ஆனா அது நிக்கலேன்னா இந்த முப்பதும் போவாது." லைனிங் துணியில் நல்லது எது, மட்டம் எது? "தண்ணில போட்டாத் தெரிஞ்சிரும். மட்டம்னா சுருங்கி ரவிக்கையே தூக்கிக்கிடும்." வருஷம் முழுக்க ஓடுவது எது? கறுப்பு, வெள்ளை, அரக்கு. எந்த மாதம் வியாபாரம் படுக்கும்? மார்கழி. நான் ஒரு ரகசியத்தையும் கறக்கவேண்டியிருக்கவில்லை. கல்யாண வீட்டுக்காரி ஆசையாகக் கேட்கிறாள் என்று அவர் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொட்டினார்.

பில் போடும் நேரத்தில், "ஒரு நிமிசம் நில்லுங்கக்கா" என்றார். சாமி படத்தட்டிலிருந்த குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருந்து கொஞ்சம் மஞ்சளை எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். முகூர்த்தப் புடவைக்கு எடுத்த அரக்குத் தானை விரித்து, ஓரத்தில் மஞ்சளைத் தடவினார். மீட்டர் கோலை வைத்து அளந்தார். பிறகு கோலையும் தாண்டி ஒரு சாண் தள்ளி, கத்திரியால் ஒரு வெட்டு வெட்டி, கையாலேயே சர்ரென்று கிழித்தார்.

"கல்யாண வீட்டுக்கு மொதத் துண்டுக்குக் காசு கிடையாதுக்கா. எங்க மாமியார் கடைய ஆரம்பிச்ச நாள்லேருந்து இதான் வழக்கம். பிள்ள நல்லா இருக்கட்டும்" என்று என் கையில் கொடுத்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்த நடிப்பை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். மறந்துவிடும் என்ற பயம். அன்று எழுதியதில் ஒரு வரி இது: ‘கல்யாண ஆர்டர் என்றால் முதல் துண்டு இலவசம், ஒரு சாண் கூடுதல். விளம்பரச் செலவு. நமக்குக் கட்டுப்படியாகாது.’ வீட்டுக்கு வந்ததும் அந்த அரக்குத் துணியை எடுத்து மூன்றாக வெட்டினேன். ஒரு துண்டை மத்தியானம் முழுக்க வாளித் தண்ணீரில் போட்டுவைத்து, காய்ந்ததும் ஸ்கேல் வைத்து அளந்தேன். இன்னொன்றை ஈரத்தோடு வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து இஸ்திரி போட்டேன். மஞ்சள் தடவிய துண்டு சோதனைக்கு உதவாது, கறை இருக்கிறது. அதை நோட்டில் குண்டூசி குத்தி, பக்கத்தில் எழுதினேன்: ‘சாயம் போகவில்லை. சுருக்கம் இல்லை. நல்ல சரக்கு.’

என் மகளை வாழ்த்திக் கொடுத்த துணி அது. எழுதும்போதே எனக்குத் தெரியும்.

அந்தக் கடைக்கு இன்னும் மூன்று தடவை போனேன். விவரத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது தடவையோடு கட்டங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன, ஒன்றைத் தவிர. ஆனாலும் போனேன். அங்கே போனால் நான் கல்யாணப் பெண்ணின் அம்மா. அக்கா நாற்காலியைத் துடைத்துப் போடுவார், எதிர்க்கடையிலிருந்து காப்பி வரும், மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்பார். நான் சொல்லுவேன். மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூர். இரண்டு தங்கைகள், இருவருக்கும் கல்யாணமாகிவிட்டது. அதிர்ந்து பேசாத பிள்ளை. அடுத்த முறை உளறிவிடக்கூடாது என்பதால் இதையெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டேன். பங்குனியிலிருந்து உறவுக்காரர்களைக் கண்டால் குனிந்துகொண்டிருந்த என் தலை அந்தச் சந்தில் மட்டும் நிமிர்ந்திருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதுதான் இதில் மிகவும் கேவலம்.

நிரம்பாத கட்டம், சரக்கு எங்கே எடுப்பது என்பது. அதையும் ஒருநாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டேன். சவுகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரி, எந்தத் தெரு, எந்த மாடி என்று அக்கா ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். அடுத்த வாரமே போனேன். குறுகலான மாடிப்படி, மேலே வெள்ளை விரிப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பெரியவர். என் நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு, எனக்கு நூறு கலர் வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு தான் என்றேன்.

"யார் சொல்லி வந்தீங்க?" என்றார். "புதுக் கடைக்கு நம்ம சரக்கு தர்றதில்லம்மா. தெரிஞ்சவங்க யார்னா சொல்லணும்."

எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். டி. நகர் சந்துக்கடை அக்கா என்றும், ஏழு புடவைக்கு அவரிடம் துணி எடுத்தேன் என்றும், மந்தைவெளியில் கடை வைக்கிறேன் என்றும் சொன்னேன். பெரியவர் சட்டென்று போனை எடுத்து அங்கேயே கூப்பிடுவார் என்று நினைக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார்.

"அக்கா, உங்க பேரைச் சொல்லிக்கினு ஒரு அம்மா வந்துகீறாங்க. மந்தவெளியில மேட்சிங் கடை போடறாங்களாம். ஏழு புடவைக்குத் துணி எடுத்தாங்களாமே உங்ககிட்ட. தெரியுமா?"

அந்தப் பக்கம் துணி கிழிபடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். படியிறங்கி ஓடிவிடலாமா என்று செருப்பு இருந்த பக்கம் பார்த்தேன்.

"தெரியும்ணே" என்றார் அக்கா. "நம்ம அக்காதான். தையில மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்காக. கல்யாணச் செலவு இருக்கும்லா, அதான் கடை வைக்காக போல. பாவம், எங்கிட்டச் சொல்லக் கூச்சப்பட்டிருக்காக. மொத சரக்குக்கு ஒரு மாசம் தவணை குடுங்க. நான் சொல்லுதேன்."

பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை வந்தது. "மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? பொண்ணு கல்யாணம்னா நாங்க செய்ய மாட்டோமா?" என்று டீ வரவழைத்தார். குடித்தேன். நான் கடை போடப்போகிறவள் என்று தெரிந்த பிறகும் அந்த அக்கா என்னைச் சந்தேகப்படவில்லை. எனக்காக ஒரு காரணத்தை அவரே கண்டுபிடித்து வைத்துக்கொண்டார்.

நூறு தான்களும் வந்து இறங்கின. கார்த்திகையில் ஒரு நல்ல நாள் பார்த்துக் கடைதிறப்புக்குப் பத்திரிகை அடித்தோம். முதல் பத்திரிகையை அந்த அக்காவுக்குத்தான் கொடுக்கவேண்டும், கொடுக்கும்போதே உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று உறுதியாகத்தான் கிளம்பினேன். ‘அக்கா, உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன், கல்யாணமே இல்லை, கடைக்காகத்தான் வந்தேன்’ என்று பஸ்ஸில் வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பக்கத்து இருக்கைக்காரி, நான் ஏதோ சுலோகம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

மஞ்சள் தடவிய கவரைப் பார்த்ததும் அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "மகளுக்கா?" என்று சிரித்தார். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரித்தார். படித்தார். திருப்பிப் பார்த்தார்.

"கடைப் பத்திரிகைலா இது? நல்லதுக்கா. கல்யாணப் பத்திரிகை எங்க?"

"கல்யாணம் இல்லக்கா" என்றேன். அது வரைக்கும் சரியாகத்தான் வந்தேன்.

அவர் முகம் அப்படியே மாறிப்போனது. "ஐயையோ! நின்னுபோச்சா?"

ஒரே ஒரு நொடிதான். அது நின்றுபோனதும் உண்மைதானே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. "ஆமாம்" என்றேன்.

அப்புறம் நான் அழுதேன். அது நடிப்பில்லை. பங்குனியிலிருந்து மகள் முன்னால் அழக்கூடாது என்று அடக்கிவைத்திருந்தது எல்லாம் அந்தச் சந்தில், செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும்படி, வெளியே வந்தது. அக்கா என்னை உள்ளே இழுத்து உட்காரவைத்துத் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அழாதீக. அந்தப் பயலுக்குக் குடுத்து வைக்கல. கடைய நல்லா நடத்துங்க, மனசு மாறும். தெறப்பு அன்னைக்கு நான் வாரேன்" என்றார். நடந்த உண்மையையே எடுத்து என் பொய்யை மூடிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்தபோது மனசு லேசாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கடைதிறப்புக்கு மகள் இரண்டு நாள் லீவு போட்டாள். தட்டுகளில் கலர் பெயர்களை எழுதி ஒட்டும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். "பேரெல்லாம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள். வேலை மும்முரத்தில் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் வெங்காயச் சருகு, ராமர் பச்சை என்று அழகாக எழுதி ஒட்டினாள். ஒன்றும் பேசவில்லை. அவள் சாதாரணமாகவே அதிகம் பேசுகிறவள் இல்லை என்பதால் நான் கவனிக்கவில்லை.

டி. நகர் அக்கா சொன்னபடி வந்தார். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, ஆட்டோவில், மடியில் ஒரு அரக்குத் தானோடு. "இது எத்தன வச்சாலும் பத்தாது, வச்சுக்கிடுங்க" என்று என்னிடம் கொடுத்தார். தட்டுகளைச் சுற்றிப் பார்த்து, வெளிர் நிறங்களை வாசல் பக்கம் மாற்றி அடுக்கச் சொன்னார். பிறகு மகளிடம் போய் அவள் தாடையைப் பிடித்தார்.

"ஏ தாயி, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத. மஞ்ச தடவி நான் குடுத்த துணி வீணாப் போவாது. பத்திரமா வையி. நல்லவன் வருவான், அப்பத் தச்சுக்கிடலாம்."

நான் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மகள் என் பக்கம் திரும்பவேயில்லை. எந்தத் துணி என்று அவள் கேட்கப்போகிறாள், எல்லாம் இங்கேயே, இத்தனை பேர் முன்னால் உடையப்போகிறது என்று மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"பத்திரமா வச்சிருக்கேன் ஆன்ட்டி" என்றாள் மகள்.

கூட்டம் எல்லாம் போன பிறகு நோட்டை என் முன்னால் வைத்தாள். அரக்குத் துண்டு குண்டூசி குத்தியிருந்த பக்கம். மஞ்சள் காய்ந்து உதிர்ந்து, எழுத்தின் மேல் விழுந்திருந்தது. ஒரு நிமிடம் நான் அதைப் பார்க்கும்படி விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்துக்குத் திருப்பினாள்.

"மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூர். ரெண்டு தங்கச்சி. அதிர்ந்து பேச மாட்டார்" என்று படித்தாள். "நல்லவராத்தான் தெரியுது. பேரு மட்டும் எழுதலையேம்மா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"வேண்டாம். என் புடவையைத் தூக்கிட்டுப் போனதுகூடப் பரவாயில்லை. இன்னிக்கு அந்த ஆன்ட்டிகிட்ட என்னையும் பொய் சொல்ல வச்சுட்டே. நீயே போய்ச் சொல்லிட்டு வா." அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

போக ஒன்பது நாள் ஆயிற்று. ஒருநாள் சரக்கு எண்ணவேண்டும், ஒருநாள் தலைவலி. பத்தாவது நாள் மத்தியானம், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போய், படியில் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் காப்பி வரும், காப்பி வந்தால் சொல்லமாட்டேன் என்று என்னை எனக்குத் தெரியும். மயிலாப்பூர்க் கடையில் ஆரம்பித்து நோட்டின் கடைசிப் பக்கம் வரைக்கும் சொன்னேன். துணியை வெட்டி வாளியில் போட்டதையும் சொன்னேன்.

அக்கா ஒரு தானைச் சுற்றிக்கொண்டே கேட்டார். சுற்றி முடித்துத் தட்டில் வைத்தார்.

"அப்ப, கல்யாணம் நின்னது?"

"அது நிஜம்க்கா. நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே."

"அன்னைக்கு அழுதிகளே?"

"அதுவும் நிஜம்."

அவர் தலையை ஆட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. "நேராக் கேட்டிருந்தாலும் சொல்லித்தான் இருப்பேன்" என்றார். சும்மா சொன்ன பேச்சில்லை அது. அவரைத் தெரிந்த யாருக்கும் அது தெரியும்.

கிளம்பவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், "எனக்கு அந்த அரக்கில் ஒரு ரவிக்கைத் துணி வேணும்க்கா" என்றேன். மகளுக்கு என்று சொல்ல நாக்கு வரவில்லை.

அக்கா தானை உருவிப் போட்டார். கத்திரியை எடுத்தவர் நிறுத்தி, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தைக்கவா, சாம்பிளுக்கா?"

குரலில் குத்தல் எதுவுமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தைக்க" என்றேன். மீட்டர் கோலை வைத்து அளந்தார். கோல் முடிந்த இடத்தில் விரலை வைத்து, அங்கேயே வெட்டினார். கையால் கிழிக்காமல் கடைசி வரை கத்திரியாலேயே வெட்டினார். செய்தித்தாளில் மடித்து, விலையைச் சொன்னார். கொடுத்தேன். மீதிச் சில்லறையை எண்ணி என் கையில் வைத்தார். சாமி படத்தட்டின் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

"வாங்கக்கா" என்றார், எனக்குப் பின்னால் புடவையோடு நின்ற பெண்ணைப் பார்த்து.

என் கடை இன்றும் நடக்கிறது, குறையில்லை. அந்தத் துணியை மகள் இன்னும் தைக்கவில்லை. தைக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. வாங்கி வந்த அன்று, கடையில் யாரும் இல்லாத நேரத்தில், அதைப் பிரித்து என் மீட்டர் கோலில் வைத்து அளந்து பார்த்தேன். ஒரு மீட்டர். ஒரு நூல்கூட அதிகமில்லை.